ஏழு பேரும் ஒரு கரவனும்

'கரவன்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பாலைவனத்தில் வரிசையாகச் செல்லும் ஒட்டகங்கள்தான் நினைவுக்கு வரும். பாரசீக மொழியில் 'கார்வான்' என்பது கூட்டாகப் பிரயாணம் செய்யும் வணிகர்களைக் குறித்தது. அச்சொல் ஆங்கிலத்துக்குப் போய், இன்று அவுஸ்திரேலியாவில் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைக் குறிக்கிறது. அதற்குள் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. விடுமுறை வந்துவிட்டால் அங்கே குடும்பம் குடும்பமாக வீட்டையே இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னர் உம்மாவோடும் உம்மம்மாவோடும் மெல்பேர்னில் இருக்கும் மாமாவின் வீட்டுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உம்மம்மா தன் மகனைக் கண்டு ஒன்பது வருடங்களாகிவிட்டன. அவரைக் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் கூட்டிப்போக வேண்டும், எல்லோரும் ஒரே இடத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது மாமாவின் நீண்டநாள் ஆசை. அதற்காகப் பழைய கரவன் ஒன்றை வாங்கத் தீர்மானித்திருந்தார்.

முதலில் பார்த்த கரவன் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. உள்ளேயே குளியலறை இருந்தது. மாமாவின் மகள் தான் உறங்கப்போகும் கட்டிலைக்கூடத் தெரிவு செய்துவிட்டாள். விற்றவர் சொன்ன கணக்கு மிக எளிது. "உங்கள் வாகனம் 2,000 கிலோ இழுக்கும். இந்தக் கரவன் 1,550 கிலோதான். வேறென்ன வேண்டும்?"

மாமா உடனே பணம் கொடுக்கவில்லை. வாகனத்தின் கைநூலையும், கரவனில் பொருத்தப்பட்டிருந்த தகட்டிலுள்ள இலக்கங்களின் படத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும், "மகள், ஒரு கொப்பி எடுங்க" என்று என்னை அழைத்தார். அன்றிரவு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விற்பவர்கள் சொல்லும் 'இழுக்கும் பாரம்' என்பது பல எல்லைகளுள் ஒன்று மட்டுமே. ஒரு வாகனம் கரவனை இழுக்கும்போது ஐந்து எல்லைகளை ஒரே நேரத்தில் மதிக்க வேண்டும். முதலாவது, அந்த வாகனம் இழுக்கக்கூடிய உச்சப் பாரம். இரண்டாவது, கரவன் தன் சாமான்களோடு சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. இதை அங்கே ஏ.ரீ.எம். என்கிறார்கள், நமக்குத் தெரிந்த பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது, 'டோ போல்' எனப்படும் இரும்புக் குண்டின் மேல் கரவனின் மூக்கு அழுத்தும் பாரம். நான்காவது, ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் வாகனம் தனியாக எவ்வளவு இருக்கலாம் என்பது, இது ஜீ.வி.எம். ஐந்தாவது, வாகனமும் கரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது, இது ஜீ.சி.எம். நான்கு சரியாக இருந்து ஒன்று பிழைத்தாலும் கணக்குப் பிழைதான்.

மாமாவின் வாகனம் வெறுமையாக 1,900 கிலோ. கொழுவுவதற்கான இரும்புச் சட்டம் 30 கிலோ. அடுத்ததாக ஆட்கள். மாமா 85, மாமி 70, உம்மா 65, உம்மம்மா 55, நான் 50, மாமாவின் மகள் 40, சின்னவன் 25. மொத்தம் 390 கிலோ. வாகனத்துக்குள் வைக்கும் பைகள் 60 கிலோ. ஆக 2,380. வாகனத்தின் எல்லை 2,500 என்பதால் எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

"இன்னும் முடியல்ல" என்றார் மாமா.

கரவனின் 1,550 கிலோ என்பது வெறும் வண்டியின் பாரம். தண்ணீர்த் தாங்கி 80 லீற்றர் கொள்ளும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் அதுவே 80 கிலோ. சமையல்வாயு, படுக்கை, சட்டிபானை, கதிரைகள், முன்பந்தல், உணவு எல்லாம் சேர்த்தால் 300 கிலோ ஏறிவிடும். அப்போது கரவன் 1,850 கிலோ. 2,000 கிலோ எல்லைக்குள் அது இருக்கிறது. கரவனின் சொந்த எல்லையான 1,950க்கும் கீழே இருக்கிறது. ஆனால் அதன் மூக்கு ஏறத்தாழ 180 கிலோ பாரத்தை வாகனத்தின் மேல் வைக்கும். அந்த 180 கிலோவை வாகனத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். 2,380உம் 180உம் 2,560. எல்லையை விட 60 கிலோ கூட.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். 2,380உம் 1,850உம் 4,230. கைநூலில் இருந்த கூட்டு எல்லை 4,200. அங்கும் 30 கிலோ கூட.

மேசையைச் சுற்றி ஒரு மௌனம். அதை உம்மம்மாதான் கலைத்தார். "மகன், நான் ஊட்டுல இருக்கன். நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க. பாரம் குறையும்தானே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கொப்பியில் '55' என்று நானே எழுதிய இலக்கத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. வயது போனவர்கள் தங்களைப் பிள்ளைகளுக்குப் பாரம் என்று நினைப்பதைக் கேட்டிருக்கிறேன். அதைக் கிலோக் கணக்கில் எழுதி அவர் கண்முன்னால் வைத்தது அன்றுதான்.

மாமா சிரித்தபடி பேனையை எடுத்தார். "உம்மா, நீங்க வராட்டியும் 2,505. அப்பவும் அஞ்சு கிலோ கூடத்தான்." பின்னர் 390 என்ற இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இந்தக் கணக்குல மாத்த ஏலாதது இது ஒண்டுதான். மத்ததெல்லாம் மாத்தலாம். கரவனையும் மாத்தலாம்."

மாமாவின் மகளின் முகம் வாடியது. குளியலறையுள்ள கரவன் அந்த ஒரு வசனத்தோடு போய்விட்டது என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "அறுபது கிலோ ஒரு ஆள்ட பாரம்தானே வாப்பா, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் நம் விஞ்ஞானப் பாடத்திலேயே இருக்கிறது. நெம்பு, பொறுதி, சுமை, எத்தனம் என்று படித்திருக்கிறோம் அல்லவா? வாகனத்தின் பின்சக்கரம்தான் பொறுதி. அதற்கும் பின்னால் உள்ள இரும்புக் குண்டை 180 கிலோ அழுத்தினால் வாகனத்தின் பின்புறம் தாழும், முன்புறம் எழும்பும். திசை திருப்புவது முன்சக்கரங்கள். அவற்றின் பிடி நிலத்தில் குறையும். அதற்காக மூக்கின் பாரத்தை மிகவும் குறைத்துவிடவும் முடியாது. பின்புறம் கனத்த கரவன் வேகமாகப் போகும்போது மீன்வால் போல இருபக்கமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் கூடினால் இழுக்கும் வாகனத்தையே புரட்டிவிடும். அதனால்தான் கரவனின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கனமான சாமான்களைத் தாழ்வாக, சக்கரங்களுக்கு மேலாக அடுக்க வேண்டும். தடுப்பு விடயத்திலும் சட்டம் கண்டிப்பானது. 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வண்டிக்குத் தனியான பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். வண்டி கழன்றுபோனால் அது தானாகவே பிடிக்கவும் வேண்டும்.

அந்த வார இறுதியில் மிருகக்காட்சிசாலை பார்க்க ரோயல் பார்க் போயிருந்தோம். அந்தப் பூங்காவில் கற்களால் கட்டிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 1860 ஓகஸ்ட் 20ஆம் திகதி பர்க், வில்ஸ் ஆகியோரின் குழு அவுஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் புறப்பட்டது அங்கிருந்துதான். அவர்களோடு ஒட்டகங்களும், இந்திய உபகண்டத்திலிருந்து வந்த ஒட்டகக்காரர்களும் போனார்கள். உண்மையான கரவன் அது! அவர்கள் ஏற்றிச் சென்ற சாமான்கள் ஏறத்தாழ 20 தொன். பூங்காவை விட்டு வெளியேறு முன்னரே ஒரு வண்டி உடைந்துபோனது. வழியில் எவ்வளவோ பொருட்களைக் கைவிட வேண்டி வந்தது. வடக்குக் கரையை அண்மித்துவிட்டுத் திரும்பும் வழியில் 1861இல் பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பயணத்தின் முதல் நாளே பாரம் தன் கணக்கைக் காட்டிவிட்டது. இதை மாமா சொன்னபோது அவருடைய மகள் அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு குளியலறையைப் பற்றி அவள் பேசவில்லை.

இரண்டு வாரத்தில் வேறொரு கரவன் கிடைத்தது. கூரையை உயர்த்தித் தாழ்த்தக்கூடிய சிறியது. வெறுமையாக 1,100 கிலோ, உச்ச எல்லை 1,400. நால்வருக்குப் படுக்கையும், சாப்பாட்டு மேசையை இறக்கினால் இன்னொருவருக்கு இடமும் இருந்தன. மாமாவும் சின்னவனும் கூடாரத்தில் படுப்பதாக ஏற்பாடு. இந்தத் தடவை கொப்பியின் முதல் வரியில் 390 என்று எழுதினோம். எஞ்சிய இடத்துக்கே மற்றவற்றைப் பங்கிட்டோம். தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்பலாம் என்று தாங்கியை வெறுமையாக விட்டோம். வாகனத்துக்குள் 20 கிலோ மட்டும். கரவனுக்குள் 200 கிலோ.

புறப்படும் நாள் காலையில் பொது எடைமேடை ஒன்றுக்குப் போனோம். நம் ஊரில் நெல் லொறிகளை நிறுக்கும் தராசைப் போன்றதுதான். முதலில் வாகனத்தின் சக்கரங்கள் மட்டும் மேடையில்: 2,480. எல்லைக்கு 20 கிலோ குறைவு. பிறகு கரவனின் சக்கரங்கள்: 1,200. இரண்டும் சேர்த்து 3,680. கொப்பிக் கணக்கு 3,640தான். அந்த மேலதிக 40 கிலோ எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்டார். மாமி யன்னல் பக்கம் பார்த்தார். உம்மா மெதுவாக, "ஒரு மூட்டை அரிசியும் பெரிய புரியாணிச் சட்டியும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எவ்வளவுதான் எழுதினாலும் ஒரு முறை நிறுத்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு அந்தச் சட்டியே சாட்சி.

பிரயாண துஆ ஓதிப் புறப்பட்டோம். பக்கஸ் மார்ஷ் நகரைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக மலையேறுகிறது. பெரிய லொறிகள் மூச்சு வாங்கி ஊர்ந்தன. எங்கள் வாகனம் இடப்பக்க ஒழுங்கையில் நிதானமாக ஏறியது. பலராத், அரராத் எல்லாம் கடந்து, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓடி, அஸருக்குப் பின் ஹோல்ஸ் கெப் என்ற மலையடிவார ஊரை அடைந்தோம். புல்வெளியில் கங்காருக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மஃரிப் தொழுதுவிட்டு உம்மம்மா கதிரையில் அமர்ந்து அவற்றை எண்ணத் தொடங்கினார். பதினெட்டு என்றார். சின்னவன் பத்தொன்பது என்று வாதாடினான்.

நம் நாட்டில் கரவன் இழுக்கும் பழக்கம் இல்லை. ஆனால் மூன்று பேருக்கான முச்சக்கர வண்டியில் ஏழு பிள்ளைகளும், உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு திருமண வீடே ஏறிவிடுவதும் நாம் நாளும் காணும் காட்சி. "இவ்வளவு தூரம்தானே", "இன்னும் ஒருவர்தானே" என்று சொல்லிப் பழகிவிட்டோம். வண்டி அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. அதற்குத் தெரிந்தது பாரம் மட்டுமே. புறப்படுமுன் ஒரு கொப்பியை விரித்து, வருகின்ற எல்லோருடைய பெயரையும் முதலில் எழுதுவோம். அவர்களுக்கு ஏற்ற வண்டியைப் பிறகு தேடுவோம். சட்டிபானைக்கு இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.