ஆற்றங்கரையிலே ஆறு துப்பறிவாளர்

துப்பறியுங் கதை வாசிக்கும் பிள்ளை பரீட்சையிலே தேறாது என்று எண்ணும் பெற்றோர் எம்மிடையே இன்றும் உளர். பெற்றோர் கூட்டங்களில் எம்மை அணுகி, "சேர், இவன் எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமாய்த் திரியிறான், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ" என்று முறையிடுவோர் பலர். அவ்வேளைகளில் நாம், அது என்ன கதை என்று மாத்திரம் வினாவுவது வழக்கம். கதைகளிலே நெல்லுமுண்டு, பதருமுண்டு. பதரைக் கண்டு சூட்டையே கொளுத்திவிடும் கமக்காரன் எங்குமில்லை.

நெல்லென்று நாம் கருதும் ஒரு நூலைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். ஆதர் றான்சம் என்னும் ஆங்கில ஆசிரியர் 1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த பிக் சிக்ஸ்' என்பது அது. 'பெரிய அறுவர்' என்று தமிழிற் சொல்லலாம். றான்சம் (1884-1967) பத்திரிகையாளராயிருந்து, 1917 ஆம் ஆண்டுப் புரட்சிக் காலத்தில் உருசியாவிலிருந்து இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதியவர். சிறுவர் நாவல்களால் அவர் பெயர் நிலைபெற்றது பின்னரே. சிறுவர் இலக்கியத்துக்கான கார்னெகிப் பதக்கம் 1936 இல் முதன்முதலாக ஏற்படுத்தப்பட்டபோது அதனைப் பெற்றவரும் அவரே.

கதை நிகழும் ஹோணிங் என்னும் ஊர் இங்கிலாந்தின் கிழக்கே, நோபோக் மாவட்டத்தில், பியூர் ஆற்றங்கரையில் உள்ளது. ஆறும், நாணல் சூழ்ந்த ஆழமற்ற ஏரிகளும், அவற்றிலே பாய் விரித்துச் செல்லும் படகுகளுமே அவ்வூரின் வாழ்வு. படகு கட்டும் தொழிலாளரின் மைந்தர் மூவர், ஜோ, பில், பீற் என்போர், பழைய கப்பற் படகொன்றைத் தாமே செப்பனிட்டு, அதற்கு ஓர் அறையும் புகைபோக்கியும் அமைத்து, விடுமுறையை அதிலேயே கழிக்கின்றனர். எந்தச் சிறுவனும் பொறாமைப்படத்தக்க வாழ்க்கை அது.

அவ்வாழ்க்கையிலே ஒரு கரிய நிழல் விழுகின்றது. அவர்கள் தங்கும் இடத்துக்கு அண்மையிற் கட்டப்பட்டிருந்த பிறர் படகுகள் இரவோடிரவாக அவிழ்ந்து நீரோட்டத்தில் மிதந்து போகின்றன. ஓரிடத்தில் மட்டுமன்று, மூவரும் எங்கே சென்று தங்கினாலும் அங்கும் அவ்வாறே நிகழ்கின்றது. ஊரார்க்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, மூவரின் தோழனும் வைத்தியரின் மகனுமாகிய ரொம், முன்னொருமுறை ஒரு நாமக்கோழியின் கூட்டைக் காப்பதற்காக மோட்டார்ப் படகொன்றை உண்மையாகவே அவிழ்த்துவிட்டவன். (அவ்வரலாறு 1934 இல் வெளிவந்த 'கூற் கிளப்' என்னும் முந்திய நூலில் உள்ளது.) ஒருமுறை அவிழ்த்த கை மறுமுறையும் அவிழ்க்குமன்றோ என்று ஊர் கணக்கிடுகின்றது. அதே வேளையிற் படகுப் பட்டறையொன்றிலே உலோகக் கொளுவிகள் களவு போக, சிறுவர் கையிலோ திடீரெனப் பணம் புழங்குகின்றது. அப்பணம் ஒரு மாபெரும் மீனைப் பிடித்ததனால் நேர்மையாக வந்தது. ஆனால் அதனை உடனே வெளியிட இயலாத நிலை அவர்களுக்கு. பெற்ற தந்தையரும் ஐயுறத் தொடங்குகின்றனர். நாம் மிக வருந்தி வாசித்த பகுதி இதுவே.

ஏனைய சிறுவர் துப்பறியுங் கதைகளிலிருந்து இந்நூல் வேறுபடுவது இவ்விடத்திலேதான். எரிக் கெஸ்ட்னர் 1929 இல் எழுதிய எமில் என்னும் சிறுவனின் கதையிலே, பெர்லின் நகரத்துச் சனத்திரளினூடே பிள்ளைகள் கள்வனைப் பின்தொடர்கின்றனர். எனிட் பிளைட்டன் அம்மையாரின் நூல்களை எமது மாணாக்கர் நன்கறிவர். 1942 முதல் 1963 வரை வெளிவந்த ஐவர் கதைகள் இருபத்தொன்றிலும் குகையுந் தீவுமாகச் சுவைக்குக் குறைவில்லை. எனினும் அங்கெல்லாங் குற்றவாளி பெரும்பாலும் அயலான். பிள்ளைகள் மீது எவரும் பழி சுமத்துவதில்லை. கதை முடிந்ததும் அவர்கள் சிற்றுண்டி அருந்தப் போய்விடலாம். றான்சம் கதையிலோ துப்பறிபவரே சந்தேகத்துக்குரியோர். தோற்றால் அவர்கள் இழப்பது தம் நற்பெயரை. நகரத்திலே பெயர் கெட்டவன் அடுத்த வீதிக்குப் போய் வாழலாம். சிற்றூரில் அஃது இயலாது. பாலத்தடியில் நிற்பவனுக்கும் பாண் விற்பவனுக்கும் அவனைத் தெரியும். அவன் தகப்பனையும் தெரியும்.

விடுமுறைக்கு வரும் டிக், டொரதியா என்னும் உடன்பிறந்தார் இருவரும் ரொம்மும் அம்மூவரோடு சேர அறுவராகின்றனர். ஸ்கொட்லாந்து யாட்டின் தலைமைத் துப்பறிவாளர் 'பெரிய ஐவர்' எனப்படுவதால், தம்மைப் 'பெரிய அறுவர்' என்கின்றாள் டொரதியா. ரொம் வீட்டுக் கொட்டிலே அவர்களின் தலைமையகம். டொரதியா கதை எழுதும் ஆசை கொண்டவள். கற்பனையிற் சஞ்சரிப்பவள் விசாரணைக்கு உதவாள் என்று நாம் எண்ணுவோம். அவளோ வழிகாட்டியாகின்றாள். எந்த இரவில், எவ்விடத்தில், எந்தப் படகு அவிழ்ந்தது என்பதை ஒரு படத்திலே குறிக்கச் செய்கின்றாள். தம்பி டிக் விஞ்ஞான மனத்தினன். சேற்றிலே பதிந்த துவிச்சக்கரவண்டிச் சில்லின் தடத்தை நோக்குகின்றான். கற்பனை 'இப்படியும் இருக்கலாமோ' என வினவுகின்றது. கண் 'இருக்கின்றதா' எனப் பார்க்கின்றது. இரண்டுங் கூடினாலன்றி ஆராய்ச்சியில்லை என்பதை எமது விஞ்ஞான பாடநூல்கள் இத்துணைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது எம் துணிபு.

குற்றவாளி யாரென்பதை நாம் இங்கே கூறப்போவதில்லை. வாசகரின் சாபத்தை ஏற்க விரும்போம். கூரிய பிள்ளை பாதி வழியிலேயே ஊகித்துவிடும். அறுவரும் ஊகித்துவிடுகின்றனர். ஆனால் நூலின் உயிர் அதன் பின்னரே தொடங்குகின்றது. தமக்குத் தெரியும் என்பது வேறு. பிறர்க்குக் காட்ட இயலும் என்பது வேறு. சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திலே தம் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படுகின்றது. ஊகத்தைச் சான்றாக்குவதற்காக, இருளிலே ஒரு படகைத் தூண்டிலிரைபோல் நிறுத்தி, ஒளிவெடிப்புத் தூளும் கமெராவுமாகக் காத்திருக்கின்றனர்.

இப்பகுதியை எமது ஒன்பதாந் தர வகுப்பில் வாசித்துக் காட்டியபோது, "சேர், படம் எடுத்தவுடனேயே பார்த்திருக்கலாமே, ஏன் பயந்துகொண்டு நின்றவை?" என்று கேட்டாள் ஒரு மாணவி. கைத்தொலைபேசியோடு பிறந்த தலைமுறை அல்லவா! இருட்டறையிலே மருந்து நீரிற் கழுவிய பின்னரே உருவம் தோன்றும் என்பதையும், அதுவரை உள்ளே இருப்பது முகமா வெறும் இருளா என்று எவருக்கும் தெரியாது என்பதையும் விளக்கினோம். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப வெறும் இருட்டு விழுந்திருந்தால் அவையள் கள்ளர்தானே?" என்றான். அதற்கு விடையிறுக்க எமக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது.

ஏனெனில், நாம் மாணாக்கராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்று அப்போது நினைவுக்கு வந்தது. பத்தாந் தரத்திற் பயின்றபோது, சுற்றுலாவுக்கெனச் சேர்த்த பணம் வகுப்பறை மேசையிலிருந்து காணாமற் போயிற்று. அன்று இடைவேளையில் வகுப்பில் இருந்தோர் நால்வர். ஆயினும் எல்லாக் கண்களும் ஒருவனையே நோக்கின. அவன் தந்தை கள்ளுத் தவறணையில் வேலை செய்தவர். அவன் முன்னொரு நாள் பிறனொருவனின் பேனையை எடுத்துத் திருப்பிக் கொடுத்தவன். அவ்வளவே அவனுக்கெதிரான சான்று. எவரும் அவனைத் தண்டிக்கவில்லை, குற்றஞ்சாட்டவுமில்லை. அவனோடு பேசுவதை மாத்திரம் நிறுத்தினர். பணம் ஒருபோதும் அகப்படவில்லை. தவணை முடிவில் அவன் தந்தை வந்து, விடுகைப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு, தலைகுனிந்து வாயிலைக் கடந்து சென்றதை நாம் மேல்மாடி யன்னலிலிருந்து கண்டோம். மற்ற மூவரையும் எவராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று இன்றும் எண்ணுவதுண்டு. அவ்வகுப்பிலே ஒரு டொரதியா இருக்கவில்லை.

பின்வரிசை மாணவனுக்கு நாம் கூறிய விடை இதுவே: இருட்டுத்தான் விழுந்திருந்தாலும் அவர்கள் கள்ளர் ஆகார், கள்ளரல்லர் என்று காட்ட முடியாதவர் ஆவர், அவ்வளவே. அவன் முழுமையாக உடன்பட்டான் என்று தோன்றவில்லை.

கதை நிகழும் நீர்நிலங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதுவும் ஒரு துப்பறியுங் கதையே. அவ்வேரிகள் இயற்கையாக உண்டானவை என்றே றான்சம் இந்நூலை எழுதிய காலத்தில் அறிஞர் நம்பினர். 1950 களில் ஜோய்ஸ் லாம்பேட் என்னும் தாவரவியல் அறிஞர், ஏரிகளின் அடியிலும் கரையிலும் நெருக்கமாகத் துளையிட்டு மண்ணை எடுத்து ஆராய்ந்தார். இயற்கை ஏரியின் கரை சரிந்து செல்லும். இவற்றின் கரைகளோ சுவர்போற் செங்குத்தாக இறங்கின. மத்திய காலத்து மக்கள் விறகுக்குப் பதிலாக எரிப்பதற்கு முற்றா நிலக்கரியை வெட்டியெடுத்த குழிகளே அவை. பின்னர் கடல்மட்டம் உயர, நீர் புகுந்து ஏரிகளாயின. பல நூற்றாண்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்த உண்மையை அவ்வம்மையார் சேற்றைத் துளைத்துக் கண்டார். இதனை அறிந்தபின் டிக் சேற்றிலே குனிந்து தடம் பார்க்கும் இடத்தை மறுமுறை வாசித்தோம், சுவை இரட்டித்தது.

நூலிலே குறையுமுண்டு. மீன்பிடித்தலும் பாய்மரத் தொழிலும் நீண்டு செல்லும் பக்கங்கள் எமது பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டலாம். ஊர்ச் சிறுவரின் பேச்சு நோபோக் வழக்கில் அமைந்திருத்தலால், பாடநூல் ஆங்கிலம் மாத்திரம் பயின்றோர் முதலிற் திணறுவர். உரக்க வாசித்தால் பொருள் தானே விளங்கும் என்பது எம் அனுபவம். படங்களை ஆசிரியரே வரைந்திருக்கின்றார். கோடுகள் எளியன, ஆனால் படகின் ஒவ்வொரு கயிறும் சரியான இடத்தில் இருக்கும்.

விரும்புவோர்க்கு எமது பிரதியைக் கொடுத்துதவலாம் என்றெண்ணி வகுப்பு அலுமாரியைத் திறந்து பார்த்தோம். அது அங்கில்லை. பதிவேட்டில் எவர் பெயரும் எழுதப்படவில்லை. இருவர் மீது எமக்கு ஐயமுண்டு. சான்று யாதும் இல்லாமையால் பெயர் கூறோம். அலுமாரியின் மேற்றட்டிலே மாம்பழச் சாறு பட்ட விரலடையாளம் ஒன்று இருக்கின்றது. அதனைத் துடைக்கவேண்டாமென்று கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கின்றோம்.