ஆதாமுக்கு என்ன வாக்கு?

ஆதாம் அந்தக் கனியைத் தொடாமல் இருந்திருந்தால்? ஏதேனிலேயே காலமெல்லாம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பானா, அதைவிட மேலான வாழ்வுக்கு உயர்த்தப்பட்டிருப்பானா?

ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் சாவைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. நித்திய ஜீவன் தருவேன் என்ற வெளிப்படையான வாக்கு இல்லை. ஜீவவிருட்சம் மட்டும் நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இதை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது. கீழ்ப்படிந்திருந்தால் பரலோக வாழ்வே கிடைத்திருக்கும் என்றார் ஜெனீவாவின் பிரான்சிஸ் டுரெட்டின். பூமியிலேயே தொடர்ந்து வாழ்ந்திருப்பான், அவ்வளவுதான் என்றார் இங்கிலாந்தின் தாமஸ் குட்வின்.

எனக்கு இவர்களுக்கெல்லாம் முந்திய அகஸ்டின்தான் பிடிக்கிறது. ஆதாமால் சாகாமல் இருக்க முடிந்தது; மீட்கப்பட்டவர்களாலோ சாகவே முடியாது என்று பிரித்தார் அவர். முதல் நிலை நல்லதுதான், ஆனால் இழக்கக்கூடியது. 1 கொரிந்தியர் 15-இல் பவுல் முதல் மனுஷனை மண்ணானவன் என்கிறபோதும் விழுகையைச் சொல்லவில்லை, படைக்கப்பட்ட நிலையையே சொல்கிறார்.

அதனால் 'இழந்த ஏதேனைத் திரும்பப் பெறுவதே இரட்சிப்பு' என்று பிரசங்கத்தில் கேட்டால் கொஞ்சம் உறுத்துகிறது. அங்கே திரும்பிப் போனால் மறுபடியும் விழலாமே! வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஜீவவிருட்சம் திரும்ப வருகிறது. நன்மை தீமை அறியத்தக்க விருட்சம் வருவதில்லை. அந்த வித்தியாசத்தை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

குட்வின் பக்கம் நிற்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.