தேதி கேட்கிற வேலை

எல்.எம்.பி. என்றால் கடைசியாக விலக்கான முதல் நாள். கர்ப்பிணிகளைப் பிக்மி எண்ணுக்குப் பதியும்போது பேர், வயசுக்கு அடுத்து நான் கேட்பது இதைத்தான். சர்க்கரைப் பரிசோதனை, 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேன், பிரசவத் தேதி எல்லாவற்றுக்கும் கணக்கு இங்கிருந்துதான்.

திருப்பூர் காதர்பேட்டைப் பக்கத்து லைன் வீடுகளில் இதற்குத் தேதியாகப் பதில் வராது. “சம்பளம் போட்ட சனிக்கிழமைங்க.” “தேர் ஓடுச்சே, அதுக்கு முந்தி.” வைகாசி விசாகத் தேரைக் காலண்டரில் பிடித்துவிடலாம். சனிக்கிழமை மாதத்துக்கு நாலு வரும். அப்போது பீஸ் கணக்கு நோட்டை எடுத்துவரச் சொல்வேன். பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுகிற, மடித்துப் பேக்கிங் செய்கிற பெண்களில் பலர் அன்றன்று முடித்த பீஸைக் குறித்து வைப்பார்கள். வயிற்றுவலியென்று வீட்டில் இருந்த நாளுக்கு நேரே ஒரு கோடு கிடக்கும். அதில் விரலை வைத்தால் மீதி ஞாபகம் தானாக வரும்.

தீபாவளி மட்டும் எனக்கு ஆகாது. “தீபாவளிக்குத் தலைக்கு ஊத்துனனுங்க” என்றாள் ஒருத்தி. எண்ணெய்க் குளியலா, விலக்கு முடிந்த குளியலா? “ரெண்டும் ஒண்ணா வந்துருச்சுங்க.” 2024 தீபாவளி அக்டோபர் 31. மூன்றாம் நாள் குளித்தவள் என்றால் எல்.எம்.பி. 29. ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் ஆகஸ்ட் 5. ஜெர்மானிய மருத்துவர் நேகலே பேரால் வழங்குகிற கணக்கு இது, மொத்தம் 280 நாள். மாமியார்கள் பத்து மாதம் என்பார்கள். 28 நாள் மாதமாக எண்ணினால் அதுவும் 280தான். சொன்ன தேதியன்றே பெறுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம். எனவே இரண்டு நாள் பிசகுக்கு நான் அலட்டிக்கொள்வதில்லை.

மாதம் பிசகினால்தான் வம்பு. நாள் தள்ளிப்போன பிறகு லேசாகப் பட்டதை விலக்கென்று எண்ணிக்கொள்வார்கள். பால் கொடுக்கும்போதே அடுத்தது நின்றவளுக்குச் சொல்லத் தேதியே இருக்காது. கோயில் பொங்கலுக்காக மாத்திரை போட்டு நாளைத் தள்ளி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

தெரிந்தே மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். தாமதமாக வந்தவள், “ஒரு மாசம் தள்ளிப் போட்டுக்குங்க சிஸ்டர்” என்று கெஞ்சுவாள். பணம் அவளுக்குத் தேவைதான். ஆனாலும் போட மாட்டேன். 42 வாரம் ஆன பிள்ளை ஏட்டில் 38 வாரமாக நிற்கும். நாள் கடந்துவிட்டதென்று யாருக்கும் உறைக்காது. தேதி சந்தேகமென்றால் 14 வாரத்துக்கு முன்பே ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவேன். அப்போது கருவின் நீளத்தை அளந்து போடுகிற தேதி ஒரு வாரத்துக்கு மேல் விலகுவது அபூர்வம். மாதம் ஏற ஏற ஸ்கேனும் தடுமாறும்.

இங்கே பனியன் எடுத்து வெளியூர்ச் சந்தைகளில் விற்கிற ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் ஸ்கேன் சீட்டோடு வந்தார். “நான் ஊருக்கு வந்தே ஒன்றரை மாசந்தானுங்க ஆச்சு. ரெண்டு மாசம்னு போட்டிருக்குது?” சத்தமில்லாமல்தான் கேட்டார். பின்னால் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீட்டில் 8 வாரம். காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். கரு தரிப்பது விலக்கான நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. தரித்த நாள் யாருக்கும் தெரியாது, விலக்கான நாள் தெரியும். அதனால் எண்ணிக்கையை அங்கே தொடங்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றும் இல்லாமலே ஏறிவிடும். ஸ்கேன் மெஷினும் இதே வழக்கப்படிதான் வாரம் போடுகிறது. எட்டில் இரண்டைக் கழியுங்கள் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். “அப்பச் சரியா வருதுங்க.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “போலிக் ஆசிட் மாத்திரை எப்பங்க போடோணும்?” என்று என்னிடம் கேட்டாள்.

இப்போதெல்லாம் வீட்டுக்காரர் வெளியூர் போய்வருகிறவர் என்று தெரிந்தால், சீட்டைக் கொடுக்கும் முன்பே அந்த இரண்டு வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமியார் கூட வந்திருந்தால் அவருக்கும் சேர்த்து, கொஞ்சம் உரக்கவே.