அடி

கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் வெள்ளையாக மிதப்பது நுரை. பெங்களூருப் பக்கம் மழை கொட்டினால் தென்பெண்ணையில் கழிவும் சேர்ந்து வரும். மதகைத் திறந்ததும் நுரை குவியல் குவியலாக எழும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் “காஷ்மீர் மாதிரி இருக்கு” என்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையான பனியை இந்த வட்டாரம் அறிந்தது வேறு விதத்தில். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் சோனம் முகாம் மீது பனி சரிந்து 10 பேர் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாடு, மூவர் கர்நாடகம். அவர்களில் ராமமூர்த்தி கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடிசாதனப்பள்ளிக்காரர். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட தார்வாட் மாவட்டத்து ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். அந்த நாட்களில்தான் பனிச்சரிவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

எல்லாச் சரிவும் ஒரே வகை அல்ல. புயலுக்குப் பின் வரும் சரிவின் கதை பெரும்பாலும் அடியில் தொடங்குகிறது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனிக்குக் கீழே நிலம் சற்று வெதுவெதுப்பு, மேலே காற்று கடுங்குளிர். இடையில் நீராவி ஏறி ஏறி, பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றாத சர்க்கரைப் பருக்கைகளாக மாறிவிடுகின்றன. அதன்மேல் புயல் புதுப்பனியைக் கொட்டுகிறது. காற்று அதை இறுக்கிப் பலகையாக்குகிறது. 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில் அந்தப் பலகை காத்திருக்கிறது. புயல் ஓய்ந்து வெயில் அடிக்கும் முதல் ஓரிரு நாட்களே மிக ஆபத்தானவை. பார்ப்பதற்கோ அத்தனை அமைதி.

எனவே அறிந்தவர்கள் மேற்பரப்பை நம்புவதில்லை. குழி தோண்டி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டுகிறார்கள். மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில், எப்படி உடைகிறது என்பதே கணக்கு. பதினொன்றாம் தட்டில் உடைந்தால், பதினொன்றாம் தட்டின் குற்றம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அடுக்கு பலவீனம் என்றே எழுதுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, திருமணமாகிப் படிப்பைத் தொடர்ந்தவள், வகுப்பு முடிந்து என்னிடம் வந்தாள். கன்னத்தில் வீக்கம். “அன்னிக்கு ராத்திரி நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரு கை ஓங்கியிருக்க மாட்டாருன்னு எங்கம்மா சொல்றாங்க மேடம்” என்றாள்.

அம்மா கேட்டது, மாமியார் கேட்டது, பஞ்சாயத்தில் பெரியவர்கள் கேட்டது எல்லாம் ஒன்றுதான்: நீ என்ன சொன்னாய்? கடைசித் தட்டைப் பற்றிய கேள்வி அது. அவளுடைய சம்பள அட்டை யார் கையில் இருக்கிறது, அம்மா வீட்டுக்குப் போக யாரிடம் அனுமதி, போனை யார் சோதிக்கிறார்கள் என்று ஒருவரும் குழி தோண்டவில்லை. ஒவ்வொன்றும் சர்க்கரைப் பருக்கை. தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இந்தக் குழியைத் தோண்டச் சொல்கிறது. உடல் வதை மட்டுமல்ல, சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்வதும் வன்முறை என்கிறது. ஒரு செயலை மட்டும் பிரித்துப் பார்க்காமல் மொத்தச் சூழலையும் கருதச் சொல்கிறது. அதை அவளிடம் சொன்னேன். 181 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

உவமை இத்தோடு நிற்க வேண்டும். பனிக்கு மனம் கிடையாது; அடிக்கிறவனுக்கு உண்டு. மலை ஏறுகிறவர் ஆபத்தைக் கணிப்பது விவேகம். ஆனால் சொந்த வீட்டில் ஒரு பெண் தினமும் அவன் முகத்தையும் செருப்புச் சத்தத்தையும் வைத்து அன்றைய இரவைக் கணிக்கப் பழகுவதை நாம் “அனுசரணை” என்று பெயரிட்டுப் பாராட்டுகிறோம். அந்தத் திறமையை நம் மகள்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அடி என்றால் தமிழில் காலடி, அறை, அடித்தளம். நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் முதல் இரண்டையே விசாரிக்கின்றன. மூன்றாவதை நாம்தான் கேட்க வேண்டும்.