ஒரு மணி நேரத்தில் ஒரு பிரெஞ்சு ஊர்!

பாரிஸ், ரோம், லண்டன் என்று போய் வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பேன். முடித்ததும் ஒரு பெருமூச்சு! பாஸ்போர்ட்டுக்கும் விமான டிக்கெட்டுக்கும் நாம் எங்கே போவது? ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு சேதி. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர் ஒன்று நமக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. பாண்டிச்சேரிதான்!

"பூ, இவ்வளவுதானா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் பாண்டிக்குப் போகாதவர்களா? ஜிப்மருக்குப் போகிறோம். கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறோம். துக்கம் விசாரிக்கப் போகிறோம். ஊரைப் பார்ப்பதற்கென்று என்றைக்காவது போயிருக்கிறோமா?

திண்டிவனத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஒருத்திக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டது. என்னை விழுப்புரத்தில் கொடுத்தார்கள். மூன்றாமவள் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக வளைகாப்பு, கல்யாணம், கருமாதி என்று யார் வீட்டு விசேஷத்திலாவது பார்த்துக்கொள்வதுதான். பந்தி முடிவதற்குள் பேச்சும் முடிந்துவிடும்!

போன தை மாதம் பாண்டித் தோழி போன் செய்தாள். "வீட்டுக்காரர் அவங்க அம்மாவைக் கூட்டிட்டுத் திருப்பதி போறார்டி. சனி, ஞாயிறு வீடு காலி. ரெண்டு பேரும் வந்துடுங்க."

என் கணவரிடம் சொன்னேன். "எதுக்குப் போறே?" என்றார். "சும்மாதாங்க" என்றேன். 'சும்மா' என்று காரணம் சொல்லி நான் வீட்டை விட்டுக் கிளம்பியது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரி, மாவு அரைச்சு வெச்சிட்டுப் போ" என்றார். (அந்த மட்டும் அனுமதி கிடைத்ததே!)

சனிக்கிழமை காலை என் பெண்ணையும் அழைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயில் ஏறினேன். 1879-ல் போட்ட பாதை இது. மீட்டர் கேஜாக இருந்ததை இப்போது அகலப் பாதையாக்கிவிட்டார்கள். டிக்கெட் விலை ஒரு காபி விலைக்கு மேல் இல்லை. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் தாண்டி வில்லியனூர். அங்கே திருக்காமீஸ்வரர் கோயில் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பாராம். இப்போதும் புதுவையின் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அதைப் பெண்ணிடம் சொல்லி முடிப்பதற்குள் பாண்டிச்சேரி ஸ்டேஷன் வந்துவிட்டது.

திண்டிவனத்துக்காரி கிளியனூர் வழியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வெயில் தணிந்ததும் கிளம்பினோம். பாண்டியை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரம் வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி. 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பிறகு திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டியதுதான் இன்று நாம் பார்க்கிற ஊர்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனால் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்கள், அதன் மேல் வழிகிற காகிதப்பூ, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப் பலகைகள். வீடு எல்லாமே மதிலுக்கு உள்ளே அடக்கம். தமிழ்த் தெருக்களிலோ திண்ணையும் தாழ்வாரமும் வாசலிலேயே "வாங்க, உட்காருங்க" என்கின்றன. "வெயில்ல வர்றவங்க உட்கார ஒரு திண்ணை வேணாமாடி?" என்று திண்டிவனத்துக்காரி கேட்டாள். சிரித்துவிட்டோம்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஆங்கிலேயர் கைக்கு அகப்படாமல் 1908-ல் இங்கே வந்தவர் பத்து வருஷம் இருந்தார். எல்லோரும் அவர் படத்தைப் பார்த்தார்கள். நான் செல்லம்மாளை நினைத்துக்கொண்டேன். நிலையான வருமானம் இல்லாமல், போலீஸ் ஒற்றர்கள் வாசலில் திரிய, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படித்தான் அடுப்பு மூட்டினாரோ!

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. மறுநாள் காலை வரை நடப்பவர்களுக்குத்தான் அந்தச் சாலை. குழந்தைகளைக் கையைப் பிடிக்காமல் ஓட விடலாம், இளம் தாய்மார்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள் நம்ம செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை என்பார்கள். பக்கத்திலேயே 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

பாறைகளுக்கு மேலே கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். அப்போதுதான் திண்டிவனத்துக்காரி வாய் திறந்தாள்.

"ரெண்டு வருஷம் அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டி வந்தேன்டி. கோரிமேட்டுல இறங்குவேன், வரிசையில நிப்பேன், மருந்து வாங்குவேன், அங்கேயே பஸ் ஏறிடுவேன். கடல் கொஞ்ச தூரத்துலதான் இருக்குன்னு தெரியும். அம்மா படுத்துக் கிடக்கும்போது நான் கடல் பார்க்கப் போறதான்னு தோணும். இன்னிக்கு பஸ் கோரிமேட்டுல நின்னதும் காலு தன்னால இறங்கப் பார்த்துச்சு."

அவள் அம்மா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் பாண்டித் தோழியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுண்டல் வாங்குடி, பசிக்குது" என்றாள். பாண்டித் தோழி எழுந்துகொண்டே, "என்னைக் கேளு. இந்த ஊர்லயே இருக்கேன். விருந்தாளி வந்தாத்தான் நானும் கடலுக்கு வர்றேன்" என்றாள்.

அன்று இரவு ஒரு மணி வரைக்கும் பேச்சு! அந்தத் தெருவில் ஒரு வீட்டை 'சொல்தா வீடு' என்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பாண்டியில் அதுதான் பெயர். 1954 நவம்பர் 1-ல் ஊர் நம் கைக்கு வந்தாலும், சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வாசலில் மாக்கோலம், உள்ளே பிரெஞ்சுப் பேச்சு!

ஞாயிறு காலை மணக்குள விநாயகரை வணங்கினோம். யானை லட்சுமி 2022-ல் போய்விட்டாலும் அவளைப் பற்றிப் பேசாமல் யாரும் அந்த வாசலைக் கடப்பதில்லை. அங்கிருந்து பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். சகோதரிகளே, இதை அவசியம் பாருங்கள். ஆயி ஒரு தாசி. விளக்கேற்றி ஜொலித்த அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து விஜயநகரப் பிரதானி ஒருவர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். அவளோ தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிவிட்டாள் என்பது கதை. பின்னாளில் தண்ணீருக்குத் தவித்த பாண்டிக்கு அவள் குளமிருந்த முத்திரையர்பாளையத்திலிருந்துதான் நீர் கொண்டுவந்தார்கள். அவள் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது இந்த மண்டபம். இன்று புதுவை அரசின் சின்னமும் இதுதான். குடம் சுமந்தவர்களுக்கு ஆயியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு காந்தி வீதி ஞாயிறு சந்தை. பேரம் பேசி என் பெண்ணுக்கு இரண்டு சுடிதார் டாப்ஸும் எனக்கு ஒரு டீ வடிகட்டியும் வாங்கினேன். சாயங்கால ரயிலில் வீடு. சந்தை, ஆட்டோ, சுண்டல் எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஆன செலவு 850 ரூபாய்.

தோழி வீட்டில் தங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* என்றைக்கு வருவோம், எப்போது கிளம்புவோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திங்கள்கிழமை டிபன் பாக்ஸ் அவசரத்தில் அவளுக்குப் பாரமாக இருக்க வேண்டாம்.

* கடையில் வாங்கும் ஸ்வீட்டை விட, வீட்டில் அரைத்த இட்லிப்பொடி, நம் பக்கத்து வேர்க்கடலை இரண்டு படி அவளுக்கு உபயோகப்படும்.

* துண்டு, சோப்பு, போர்வை உங்களுடையதாக இருக்கட்டும். காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் பேசிக்கொண்டே நடக்கும்.

* ஒரு வேளையாவது வெளியே சாப்பிடுங்கள். அவளுக்கும் அடுப்படியிலிருந்து விடுமுறை வேண்டாமா?

* காலை 10 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் சுற்றுங்கள். மற்ற நேரம் உப்புக் காற்றும் வெயிலும் ஆளை அயர்த்திவிடும். குழந்தைகளுக்குத் தொப்பியும், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் மறக்க வேண்டாம்.

அடுத்த முறை திண்டிவனத்தில் கூடுவதாகப் பேசியிருக்கிறோம். மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான்! உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளும் ஏதாவது ஓர் ஊரில் இருப்பாள். கல்யாணப் பத்திரிகைக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு போன் போடுங்களேன்!