அம்மாவின் கிளினிக் கொப்பி

03.12.2023, ஞாயிறு, பேசாலை

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வாடைக் காற்றுக்குப் பயந்து கோயில் யன்னல்களைச் சாத்திவிட்டார்கள். எங்கள் வாங்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் பூசை முடியும்வரை இருமிக்கொண்டே இருந்தான். அவ்வளவு சனத்தில் ஒரு முகத்திலும் மாஸ்க் இல்லை. தொய்வுக்கார அம்மாவைக் கூட்டிப்போன என்னிடமும் இல்லை.

06.12.2023, புதன்

தடிமன் என்று தொடங்கியது, நேற்றிரவு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஒரு சொல், ஒரு மூச்சு, பிறகு அடுத்த சொல். பம்ப் அடித்தும் கேட்கவில்லை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசரின் வெண்புகைக்குள் அம்மாவின் முகம் மங்கித் தெரிந்தது. காதுவரை உயர்ந்து நின்ற தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. அடுத்த வாங்கில் ஒரு கைக்குழந்தைக்கு விலா ஒட்டி ஒட்டி இழுத்தது.

"மழை தொடங்கினால் இப்பிடித்தான் டீச்சர்," என்றார் தாதி. இலங்கையில் இன்ஃபுளுவென்சா ஆண்டுக்கு இரு முறை தலைதூக்கும்: ஏப்ரலை ஒட்டி ஒன்று, நவம்பருக்குப் பிறகு இந்த மாரியில் ஒன்று.

08.12.2023, வெள்ளி

அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். 2019இல் நான்கு தடவை இழுப்போடு ஓடியிருக்கிறோம். 2020 ஒக்டோபரில் மாஸ்க் கட்டாயமானது. அப்போதிருந்து 2021 முடியும்வரை ஒரே ஒரு தடவை. 2022இல் கட்டாயம் நீங்கியது. இந்த ஆண்டில் செவ்வாய் இரவு நான்காவது.

மாஸ்க்தான் காரணம் என்று எழுதப் பேனை துடித்தது. ஆனால் அந்த நாட்களில் பள்ளிக்கூடம் பூட்டு, ஊரடங்கு, திருவிழாவுக்கும் கூட்டமில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயந்தோம், கிளினிக் மருந்து தபாலில்கூட வந்தது. உலகம் முழுவதுமே அப்படித்தான். இன்ஃபுளுவென்சா பி வைரஸில் யமகாட்டா என்ற ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. எல்லாக் கட்டுப்பாடும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் மாஸ்க்கின் பங்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியை வைத்துப் பிரிக்க முடியாது.

10.12.2023, ஞாயிறு

பிரித்துப் பார்த்தவர்கள் பங்களாதேஷில் இருக்கிறார்கள். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்கள், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் வீடு வீடாக மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்தார்கள், ஏன் என்று விளக்கினார்கள், சந்தையிலும் பள்ளிவாசலிலும் நின்று நினைவூட்டினார்கள், ஊர்ப் பெரியவர்களை முதலில் போடவைத்தார்கள். மாஸ்க் போடுவோர் நூற்றுக்கு 13இலிருந்து 42 ஆனார்கள். கைபேசிக் குறுஞ்செய்திகளால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை.

இருமல், காய்ச்சல் போன்ற கோவிட் அறிகுறிகள் மற்றக் கிராமங்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கு, மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 7.6 பேருக்கு. இரத்தப் பரிசோதனையில் உறுதியான நோய் சுமார் 9 வீதம் குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் சத்திரசிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 வயது தாண்டியவர்களிடம் 35 வீதம் குறைந்திருந்தது. பாதிப் பேருக்கு மேல் போடாமல் இருந்தபோதே இது. அந்த வயதில்தான் என் அம்மா இருக்கிறார். துணி மாஸ்க்கின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

13.12.2023, புதன்

ஒரு பெட்டி மாஸ்க் வாங்கி வகுப்பு மேசையில் வைத்தேன். எனக்கே தடிமன், நானே முதலில் போட்டுக்கொண்டேன். "கொரோனா போட்டுதே டீச்சர்!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவின் தோள்கள் இறங்கிய கதையைச் சொன்னேன். இருமல் உள்ளவர் மட்டும், அது நிற்கும்வரை போட்டால் போதும் என்றேன். மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை மேசையருகே வந்து நின்றாள். "டீச்சர், ரெண்டு எடுக்கலாமே? அப்பம்மாவுக்கும் முட்டு." அவள் தந்தை கடலுக்குப் போகிறவர், தாய் கருவாட்டு வாடியில் வேலை. பள்ளிவிட்டால் அப்பம்மாவோடுதான் இருப்பாள்.

2020இல் மாஸ்க் இல்லாவிட்டால் 10,000 ரூபா வரை தண்டம் என்றார்கள். பொலிஸைக் கண்டதும் நாடியிலிருந்து மூக்குக்கு ஏற்றினோம், கடந்ததும் இறக்கினோம். யாருக்காகப் போடுகிறோம் என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவேண்டி இருக்கவில்லை.

24.12.2023, ஞாயிறு

நள்ளிரவுப் பூசை. இருமல் சத்தம் இன்றும் இருந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் மாஸ்க்கோடு வந்திருந்தார்கள். பெரியவர்களில் அம்மாவும் நானும்தான். எங்கள் வாங்கருகே இருந்த யன்னலை நான் திறந்துவைத்தேன், குளிருக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. பாலன் பிறந்த பாட்டு எழுந்தபோது அம்மாவும் பாடினார். மூச்சுக்கு மூச்சு அந்த நீலத் தாள் உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. ஒரு வரியையும் அவர் இடையில் நிறுத்தவில்லை.