மினுக்கம் வேண்டும் என்றவன்

கில்ராயைத் தாண்டும்போது காரின் கண்ணாடியை இறக்கினால் பூண்டு வாசனை முகத்தில் அடிக்கும். உலகின் பூண்டுத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. அங்கே 101-ஆம் நெடுஞ்சாலையை விட்டு 25-இல் திரும்பி, கோடையில் காய்ந்து பழுப்பேறிய குன்றுகளைப் பார்த்தபடி போனால் ஹாலிஸ்டர். சான் ஹோசேயிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆனாலும் கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. கோடை முழுக்க மாண்டரே விரிகுடாவிலிருந்து குளிர்ந்த கடற்காற்று இந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழையும். உள்நாட்டின் சூடான காற்று எதிரே வரும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. எஞ்சின் இல்லாத விமானங்களை வைத்திருப்பவர்கள் இந்த ஊருக்கு வந்து சேர அதுவே காரணம்.

சன்னிவேலில் இருக்கும் என் அக்காள் மகன் வார இறுதிகளில் இங்கே கிளைடர் ஓட்டப் பழகுகிறான். “மாமா, ஒரு தடவை மேல வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க” என்று கூட்டிப் போனான். அவனுக்கு அன்று வேறொரு காரியமும் இருந்தது. கூலிங் கிளாஸ் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் தன்னிடம் இருப்பவற்றைப் போட்டுப் பார்க்கும்படி பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம்.

இதற்கு ஒரு பயிற்சியாளர் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் ஊரில் கறுப்புக் கண்ணாடி என்றால் எம்.ஜி.ஆர். ஞாபகத்துக்கு வருவார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணை யாரும் பார்க்க முடியாது. முகத்துக்குப் பொருந்துகிறதா என்று கடைக்காரரின் கைக்கண்ணாடியில் பார்த்து வாங்குகிற பொருள்தானே இது?

ஓடுபாதை ஓரத்தில் கிளைடர்கள் ஒரு பக்க இறக்கையைத் தரையில் சாய்த்துக் கிடந்தன. எல்லாமே வெள்ளை. ஏன் ஒருவருக்கும் நீலமோ சிவப்போ பிடிக்கவில்லை என்று கேட்டேன். கண்ணாடி இழையையும் எப்பாக்ஸிப் பிசினையும் சேர்த்துச் செய்த உடம்பு இது, சூடு ஏறினால் பிசின் இளகிப் பலம் குறையும், அடர்ந்த நிறம் வெயிலைக் குடித்துக்கொள்ளும் என்றார் பயிற்சியாளர். அறுபதைத் தாண்டியவர், தலையில் தொளதொளவென்று ஒரு துணித் தொப்பி. விமானியின் தலைக்கு மேலே கவிழ்ந்திருக்கும் அக்ரிலிக் கூட்டை, கேனோப்பி என்கிறார்கள், வெயிலில் திறந்து போட்டு எங்கும் போகக் கூடாதாம். அதன் வளைவு பூதக்கண்ணாடியாக வேலை செய்து இருக்கையைப் பொசுக்கிவிடும். பொசுக்கியும் இருக்கிறது.

வெள்ளையாக இருப்பதில் இன்னொரு சிக்கல். கிளைடர் தேடிப் போவதே வெள்ளை மேகத்தை. ஒரு கிளைடர் மேலேறும் காற்றைக் கண்டுபிடித்தால் பக்கத்தில் இருப்பவர்களும் அங்கே வந்து சேர்வார்கள். நம் ஊர் உச்சிவெயிலில் பருந்துகள் வட்டமிடுவதைப்போல ஒரே காற்றுத் தூணைச் சுற்றி மூன்று நான்கு வெள்ளை விமானங்கள் சுற்றும். ஒன்றை ஒன்று கண்ணால் பார்த்துத்தான் விலக வேண்டும். பக்கத்தில் வருபவரைக் காட்டும் ஃபிளார்ம் என்ற கருவி இப்போது இருக்கிறது என்றாலும் அது எல்லா விமானத்திலும் இருப்பதில்லை. 2006 ஆகஸ்ட் 28 அன்று, பக்கத்து மாநிலமான நெவாடாவில், ரீனோவில் இறங்க வந்த ஒரு சிறிய ஜெட் விமானம் ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடர்மீது மோதியது. கிளைடர் ஓட்டியவர் பாராசூட்டில் குதித்தார். மூக்கு சிதைந்த ஜெட், சக்கரம் இறங்காமல் வயிற்றாலேயே கார்சன் சிட்டியில் தரையிறங்கியது. யாரும் சாகவில்லை என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. ஜெட்டின் வேகத்துக்கு எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும் பயன்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் இங்கே பழகுகிறவர்கள் கண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கதை வந்துவிடுகிறது.

பயிற்சியாளரின் துணிப்பையில் விதவிதமான கண்ணாடிகள் இருந்தன. முதலில் எடுத்தது, கீழ்ப்பக்கம் கண்ணீர்த்துளிபோல வழிகிற பழைய ‘ஏவியேட்டர்’. 1930-களில் போஷ் அண்ட் லாம்ப் கம்பெனி அமெரிக்க விமானிகளுக்காகச் செய்த வடிவம். 1937 முதல் ரே-பான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. திறந்த விமானங்களில் மிக உயரே பறந்தவர்கள் கண் கூசித் தலைவலியோடு இறங்கிய காலம் அது. குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கண்ணை மறைக்க வேண்டும் என்பதால் அந்த வழியல். கிளைடர்க்காரர் குனிந்து கருவியைப் பார்ப்பது குறைவு. அவருடைய வேலை வெளியே, பக்கவாட்டில், தலைக்கு மேலே. பட்டையான காது கம்பிகளைக் கையில் பிடித்து, “பக்கத்திலிருந்து வருகிறவனை மறைப்பதற்கு இதுவே போதும்” என்றார். முன்விளிம்பு நீண்ட பேஸ்பால் தொப்பிக்கும் இதே காரணத்தால் இங்கே மரியாதை இல்லை.

முன் இருக்கையில் என்னை உட்கார வைத்துத் தோளுக்கும் இடுப்புக்கும் வார் போட்டார்கள். கழுத்தில் ஒரு கயிறு, அதில் இரண்டு கண்ணாடிகள். கழன்று விழுந்தால் ஓட்டும் தடியின் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும், கயிறு இல்லாமல் ஏறக் கூடாது. ஒரு காலத்தில் வயலுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதற்கென்று செய்யப்பட்ட பானி ரக விமானம் எங்களை இழுத்துக்கொண்டு கிளம்பியது. மூவாயிரம் அடியில் ‘டக்’கென்று கயிறு கழன்றது. அதன் பிறகு காற்றின் இரைச்சல் மட்டும்தான். கேனோப்பியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கம்பளி நூல் நேராகப் படபடத்துக்கொண்டிருந்தது. விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் கருவி அதுதான். எத்தனை விலையுள்ள கிளைடராக இருந்தாலும் அந்த நூல் இருக்கும் என்றார்கள்.

முதலில் போலரைஸ்டு கண்ணாடி. கடைகளில் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு விற்கிற சரக்கு, மீன் பிடிப்பவர்களுக்கும் கார் ஓட்டுபவர்களுக்கும் உயிர். போட்டவுடன் அசந்துபோனேன். வானம் மயில்கழுத்து நீலம், அதில் மேகங்கள் செதுக்கி வைத்ததுபோல் நின்றன. கூடவே கேனோப்பி முழுக்க ஊதாவும் பச்சையுமாக வானவில் பட்டைகள். அக்ரிலிக்கைச் சூடாக்கி வளைத்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் இந்தக் கண்ணாடி வழியாக நிறமாகத் தெரிகிறது. தலையைச் சாய்த்தால் கருவித் திரை ஒன்று இருண்டுபோனது. வட்டமடிக்க ஆரம்பித்ததும் இன்னொரு வேடிக்கை. வானத்தின் நீலம் ஒரு பக்கம் திரும்பும்போது அடர்ந்தது, மறுபக்கம் வெளிறியது. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தின் ஒளிதான் அதிகம் துருவப்பட்டது என்று கல்லூரியில் படித்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேகம் தேட அது பரவாயில்லை. அதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ஆனால் இப்போது கழற்றுங்கள். வலது பக்கம், குன்றுக்கு மேலே பாருங்கள்.”

கழற்றினேன். வெகு தூரத்தில் ஒரு பொறி மின்னி அணைந்தது. இன்னொரு கிளைடர் திரும்பும்போது அதன் இறக்கையில் பட்டுத் தெறித்த வெயில். அடுத்த சுற்றிலும் மின்னியது. அந்தப் பொறி இல்லையென்றால் அங்கே ஒரு விமானம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பளபளப்பை வடிகட்டுவதற்குத்தானே போலரைஸ்டு கண்ணாடிக்குக் காசு கொடுக்கிறோம்? அந்தப் பளபளப்போடு சேர்ந்து எதிரே வருகிறவனும் வடிந்து போகலாம். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. விமானிகளுக்காக வெளியிட்ட சிறு பிரசுரமும் போலரைஸ்டு வேண்டாம் என்றே சொல்கிறது. காரணங்களும் இவையேதான்.

அடுத்தது பழுப்பு. குன்றுகளின் மேல் கிடந்த தூசி மங்கல் சட்டென்று விலகியது. காற்றிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கும். பழுப்பு நிறம் அதைக் கொஞ்சம் தடுத்துவிடுவதால் மீதிக் காட்சி துலங்குகிறது. மேகமாகத் திரளுவதற்கு முன்னால் வானத்தில் தோன்றும் ஒரு நூலாம்படை இருக்கிறதே, அதை முதலில் பார்க்கிறவருக்குத்தான் உயரம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. இறக்கத்தையும் ஏற்றத்தையும் ஒலியால் சொல்லும் வேரியோமீட்டர் கீச்சிட ஆரம்பித்தது. பிணந்தின்னிக் கழுகு ஒன்று எங்களுக்குச் சற்றுக் கீழே, இறக்கை அசைக்காமல், அதே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்குக் கண்ணாடி தேவையில்லை. பகலில் பறக்கும் பறவைகளின் விழித்திரையில், நிறம் காணும் செல்களுக்குள் ஒரு துளி எண்ணெய் இருக்கிறது. பலவற்றில் மஞ்சளோ சிவப்போ நிறமேறியிருக்கும். 1980-களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ், சார்லஸ் மில்லர் என்ற இருவர், அந்தத் துளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வெல்டிங் வெளிச்சத்திலிருந்து கண்ணைக் காக்கும் திரை ஒன்றை உருவாக்கினார்கள். அந்த ஆராய்ச்சி வழியே ‘சன்டைகர்’ என்ற ஆரஞ்சு நிறக் கண்ணாடி வந்தது. பயிற்சியாளரின் பையிலும் ஒன்று இருந்தது. இறங்கிய பிறகு போட்டுப் பார்த்தேன். உலகமே மாம்பழச் சாற்றில் ஊறியதுபோல இருந்தது. மேகம் பிரமாதமாகத் தெரியும்தான். ஆனால் நீலம் முழுவதையும் வெட்டிவிட்டால் சிக்னல் விளக்கு, வரைபடம் எல்லாவற்றிலும் நிறம் குழம்பும். எஃப்.ஏ.ஏ.வின் எச்சரிக்கையும் அதுதான். நிறம் மாறாமல் காட்ட வேண்டுமானால் சாம்பல் நிறமே முதல் தேர்வு. மங்கலைக் கொஞ்சம் விலக்க வேண்டுமானால் பழுப்பு. எதுவானாலும் வெளிச்சத்தில் 15 முதல் 30 சதவீதமாவது உள்ளே வர வேண்டும். வெயிலில் தானே கறுக்கும் ரகமும் இங்கே அவ்வளவாக எடுபடாது. அதைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைக் கேனோப்பி பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் மாலை மில்பிடாஸில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். மருமகனுக்குத் தூரப்பார்வைக்குப் பவர் உண்டு. பழுப்பு, மெல்லிய கம்பி, பவரோடு என்று அவன் சொல்லச் சொல்லக் கடைப்பெண் குறித்துக்கொண்டாள். போலரைஸ்டு போட்டுவிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றான். இந்த வாரம் தள்ளுபடி இருக்கிறது என்றாள். மறுபடியும் வேண்டாம் என்றான். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடலோரச் சாலையில் ஓட்டும்போது மினுக்கம் கண்ணைக் குத்துமே என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

“பரவாயில்லை, எனக்கு அந்த மினுக்கம் வேண்டும்” என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.